ஓரம் இல்லாத மூன்று துண்டுகள்

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு நாற்பத்தேழு. கதையில் வரும் குருமார்களுக்கு வெள்ளைத் தாடி இருக்கும். இந்தக் குருவுக்கு இருந்ததெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து குனிந்து வந்த கழுத்து வலிதான்.

டாக்டர் ரஹ்மத் நிஷா அந்தத் தென்கோடி அரசு மருத்துவமனையில் பேத்தாலஜி துறையின் இணைப் பேராசிரியர். உடம்பிலிருந்து வெட்டிய துண்டை மெலிதாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடி ஸ்லைடில் வைத்துப் பார்த்து, கட்டி நல்லதா கெட்டதா, கெட்டதென்றால் எவ்வளவு கெட்டது என்று சொல்கிற துறை அது. டாக்டர் தேவநேசன் கிராமத்து சுகாதார நிலையங்களில் பல வருடம் ஊசி போட்டுவிட்டு, தலை நரைத்த பிறகு அவரிடம் மேற்படிப்புக்கு வந்தவர்.

தேவநேசனுக்கு அறிவு உண்டு. உழைப்பு உண்டு. கோபமும் உண்டு, அது மற்ற இரண்டையும்விட ஒரு பிடி அதிகம். ஸ்லைடு தடிமனாக இருந்தால் கோபம். நோயாளி தாமதமாக வந்தால் கோபம். சீக்கிரம் வந்து சரியாகப் பதில் சொல்லாவிட்டால் அதைவிடக் கோபம். துறையில் அவர் வருகிற சத்தம் கேட்டாலே டீ குடிக்கிறவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள்.

ஒரு திங்கட்கிழமை அவர் மேசைக்கு ஒரு ஸ்லைடு வந்தது. இசக்கிதுரை என்கிற இருபத்திரண்டு வயதுப் பையனுடையது. சாரத்தில் தொங்கிக்கொண்டு கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. வலது தொடையில் ஒரு கட்டி மளமளவென்று வளர்ந்துகொண்டிருந்தது. எலும்பு மருத்துவப் பிரிவில் தடித்த ஊசியை நடுக்கட்டிக்குள் இறக்கி, புழு நீளத்துக்கு மூன்று துண்டுகள் எடுத்து அனுப்பியிருந்தார்கள்.

தேவநேசன் கண்ணை வைத்தார். உள்ளே ஒரே கலவரம். செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஏதோ ஒரு செல் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. போதாக்குறைக்கு, சதைக்குள் இருக்கவே கூடாத, இன்னும் முற்றாத பச்சை எலும்பு திட்டுத் திட்டாக முளைத்திருந்தது.

எலும்புப் புற்று என்று முடிவு கட்டினார். புற்றென்றால் அதற்குக் கிரேடு போட வேண்டும். செல்கள் தங்கள் பிறப்பிலிருந்து எவ்வளவு தூரம் தாறுமாறாகிவிட்டன, எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன, எவ்வளவு இடம் செத்துக் கிடக்கிறது என்றெல்லாம் பார்த்துப் போடுவது அது. தேவநேசன் யோசிக்கவில்லை. ஹை கிரேடு என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார்.

அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். அடுத்த வாரம் கீமோ ஆரம்பிக்கும். அதன் பிறகு பையனுடைய கால் போகும். கால் போனாலும் உயிர் தங்கும், சீக்கிரம் செய்தால்.

ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு ரஹ்மத் நிஷாவின் அறைக்குப் போனார்.

"மேடம், அவசரம். கையெழுத்து வேணும்."

ரஹ்மத் நிஷா ஸ்லைடை வாங்கி மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தேவநேசன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார்.

"ஓரம் எங்க?" என்றார் ரஹ்மத் நிஷா.

"எதோட ஓரம்?"

"கட்டியோட ஓரம்."

"மேடம், இது ஊசி பயாப்சி. நடுவுல குத்தி எடுத்தது. ஓரம் எப்படி வரும்?"

"வரல. அதத்தான் நானும் சொல்றேன்."

"நடுவுல இருக்கறது போதாதா? எத்தன செல்லு பிரியுதுன்னு பாருங்க. எலும்பு வேற போட்டிருக்கு."

"பாத்தேன். நிறைய பிரியுது. ஆனா கேன்சர்ல மாதிரி ஒண்ணுகூட கோணலா பிரியல."

"அதனால?"

"அதனால எனக்குத் தெரியல."

தேவநேசனுக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு பேராசிரியர் தெரியவில்லை என்று சொன்னால் சீடன் என்ன செய்வது?

"கேன்சர் இல்லங்கறீங்களா?"

"இல்லன்னு சொல்லல. தெரியலன்னு சொல்றேன். இந்த மூணு துண்ட வச்சு ஒருத்தர் கால எடுக்க என்னால சொல்ல முடியாது."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. எலும்பு மருத்துவப் பிரிவின் தலைமை மருத்துவர் சபாபதி. அவருடைய குரலுக்குப் போனே தேவையில்லை, ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும்.

"என்னம்மா, ரிப்போர்ட் எங்க? எம்.ஆர்.ஐ.ல கேன்சர்னு எழுதியாச்சு. இன்னும் நீங்க என்ன ஆராய்ச்சி பண்றீங்க?"

"கேன்சரா இருக்கலாம்னு எழுதியிருக்காங்க சார்."

"ரெண்டும் ஒண்ணுதான். நாளைக்கு நுரையீரலுக்குப் பரவினா யாரு பொறுப்பு? நீங்களா?"

"நான்தான் சார்."

அந்தப் பக்கம் போன் பட்டென்று வைக்கப்பட்டது. ரஹ்மத் நிஷா ரிசீவரை மெதுவாகத் தன் இடத்தில் வைத்தார். தேவநேசனுக்கு அந்த மெதுவைப் பார்த்துத்தான் இன்னும் எரிந்தது. பொறுப்பு என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா? செத்துப்போனவனிடம் போய்ப் பொறுப்பேற்றுக்கொள்வார்களா?

"மேடம், ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. எஸ்தர். பதினஞ்சு வயசு. முட்டிக்கு மேல வீக்கம். எங்கப்பா அவள சைக்கிள்ல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போயி, எண்ணெய் போட்டு உருவ விட்டார். ஒரு நாளு ரெண்டு நாளு இல்ல, ஒரு மழைக்காலம் முழுக்க. அவ கத்துவா. கத்துனா சுளுக்கு விடுதுன்னு சொல்வான் அந்த வைத்தியன். நான் அப்ப மெடிக்கல் காலேஜ்ல மொத வருஷம், ஊர்ல இல்ல. கூட்டிட்டு வரும்போது நுரையீரல் பூரா பரவிடுச்சு."

அவர் குரல் அறைக்கு வெளியே போய்விட்டது. வராந்தாவில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள்.

"தாமதம் பண்ணித்தான் அவளக் கொன்னாங்க மேடம். இப்ப நீங்களும் அதையேதான் பண்றீங்க. அவங்க எண்ணெயும் கையுமா பண்ணாங்க, நீங்க மைக்ரோஸ்கோப்ப வச்சுப் பண்றீங்க. வேற என்ன வித்தியாசம்?"

இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டால் யாருக்கும் முகம் சிவக்கும். ரஹ்மத் நிஷாவுக்கும் சிவந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆறுதல் சொல்லவில்லை, திருப்பித் திட்டவுமில்லை. எழுந்து போய் அலமாரியைத் திறந்து ஒரு ஸ்லைடை எடுத்து, பெயர் எழுதிய முனையை விரலால் மறைத்துக்கொண்டு, மைக்ரோஸ்கோப்பில் வைத்தார்.

"இதப் பாருங்க."

"இப்ப எதுக்கு?"

"பாருங்க டாக்டர்."

தேவநேசன் வெறுப்போடு குனிந்தார். அதே கலவரம். அதே நெரிசல். அதே பச்சை எலும்பு. இதைப் பார்க்க ஒரு நிமிஷம் எதற்கு?

"இதுவும் எலும்புப் புற்று. ஹை கிரேடு."

ரஹ்மத் நிஷா விரலை எடுத்தார். "லாரி ஆக்சிடெண்ட். எலும்பு முறிஞ்சு, கூடிட்டிருந்த இடம். வேற ஆபரேஷன் பண்ணும்போது கொஞ்சம் எடுத்தாங்க. அவர் இப்ப மறுபடியும் லாரி ஓட்டறார்."

தேவநேசனுக்கு அவமானத்தில் காது சூடாகியது. அவமானம் அவரிடம் அதிக நேரம் அவமானமாக இருக்காது. நொடியில் கோபமாகிவிடும்.

"இது ஏமாத்து வேலை மேடம். ஒண்ணும் சொல்லாமக் காட்டினா யாராயிருந்தாலும் அப்படித்தான் சொல்வாங்க."

"ஆமா. யாராயிருந்தாலும் அப்படித்தான் சொல்வாங்க."

"அப்ப கேன்சரையும் காயத்தையும் எத வச்சுத்தான் பிரிக்கறது?"

"ஸ்லைடுல இல்லாதத வச்சு."

"அப்படின்னா?"

"அந்தப் பையனுக்குத் தொடையில அடிபட்டுதா?"

"இல்ல. ஊசி ரூம்ல நானேதான் கேட்டேன். அடியும் படல, எங்கயும் போகலன்னு அவங்கம்மா சொன்னாங்க."

ஊசி ரூம் என்பது இந்தத் துறையிலேயே ஒரு மூலையில் இருக்கும் அறை. கட்டியோடு வருகிறவர்களை வரிசையில் உட்கார வைத்து, மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பார்கள். இசக்கிதுரை முதலில் அங்கேதான் வந்தான். அன்று ஊசியில் ரத்தம் மட்டும் வந்ததால்தான் பெரிய ஊசி பயாப்சிக்கு அனுப்பினார்கள்.

"இன்னொரு தடவை கேளுங்க," என்றார் ரஹ்மத் நிஷா.

"ஏன், பொய்யா சொல்வாங்க? அவங்க உயிர் மேடம்!"

"போய்க் கேளுங்க."

தேவநேசன் படிக்கட்டில் தடதடவென்று இறங்கினார். வழியெல்லாம் மனதுக்குள் ரஹ்மத் நிஷாவைக் கரித்துக் கொட்டினார். இந்தப் பெண்ணுக்குப் பயம். தப்பாகிவிடுமோ என்ற பயம். பயத்துக்கு நிதானம் என்று பெயர் வைத்திருக்கிறார்.

வார்டில் இசக்கிதுரை சுவரோரக் கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தான். தொடை ஒரு பக்கம் புடைத்திருந்தது. அவனுடைய அம்மா பேச்சித்தாய் கட்டிலுக்கடியில் பையை வைத்துவிட்டு நிமிர்ந்தவள், தேவநேசனைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பையனுக்குத் தொடையில அடி கிடி பட்டுதா?"

"இல்லய்யா."

"எங்கயாவது போயி வைத்தியம் பாத்தீங்களா?"

"எங்கயும் போவலய்யா. நேரா இங்கதான் வந்தோம்."

சொல்லி வைத்த மாதிரி அதே பதில். தேவநேசன் பல்லைக் கடித்தார். ரஹ்மத் நிஷாவிடம் போய், கேட்டாச்சு, போதுமா என்று மேசையில் தட்டிச் சொல்ல வேண்டும் என்று திரும்பினார்.

"எய்யா," என்றாள் பேச்சித்தாய். "பெரிய டாக்டரு கால எடுக்கணும்னு சொல்லுதாவளாமே. நர்ஸம்மா சொல்லிச்சு. நெசமா?"

தேவநேசன் நின்றார். வாய் திறந்தது. என்ன சொல்வது? ஆமாம் என்று சொல்ல அவரிடம் ரிப்போர்ட் இல்லை. இல்லை என்று சொல்லவும் இல்லை. லாரி டிரைவருடைய ஸ்லைடு வேறு நினைவுக்கு வந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் அதையும் அவர் புற்று என்று அடித்துச் சொன்னார்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரியலம்மா," என்றார். "எங்களுக்கு இன்னும் தெரியல."

அவருடைய வாயிலிருந்து அந்த வார்த்தை அந்த மருத்துவமனையில் முதன்முறையாக வந்தது. பேச்சித்தாய் அவரையே பார்த்தாள். கட்டிலில் கிடந்த பையன் சுவர்ப்பக்கமிருந்து முகத்தைத் திருப்பினான்.

"யம்மா, சொல்லிரு."

"ஏலே, சும்மா கிட."

"கால எடுக்கப் போறாவ, இன்னும் என்னத்துக்கு மறைக்க? நீ சொல்லாட்டி நான் சொல்லுதேன்." அவன் முழங்கையை ஊன்றி எழுந்தான். "சார், அடி பட்டுச்சு. சாரத்துல நிக்கும்போது கயிறு வழுக்கிருச்சு. கீழ விழல, ஆனா இந்தத் தொட நேரா இரும்புப் பைப்புல போயி இடிச்சுது. கறுத்துப் போச்சு. மறுநாளு எங்க மேஸ்திரிதான் உருவுத எடத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு."

"உருவுனாங்களா?"

"நெதமும். எண்ணெயக் காய்ச்சி ஊத்தி, ரெண்டு பேரு என்னைப் புடிச்சுக்கிட, ஒருத்தரு முழங்கைய வச்சு அழுத்துவாரு. ரெண்டு வாரத்துக்கு மேல போனேன். பொறவுதான் இது எந்திரிச்சுது."

தேவநேசனுக்கு ரத்தம் தலைக்கேறியது. முழங்கை. எண்ணெய். கத்தினால் சுளுக்கு விடுகிறது. ஒரு நிமிஷம் அந்தக் கட்டிலில் எஸ்தர்தான் கிடந்தாள்.

"இத ஏன் அன்னைக்கே சொல்லல?" வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "நான் கேட்டேன்ல? உங்ககிட்டத்தான கேட்டேன்? இவ்வளவு பெரிய விஷயத்த மறைச்சா ஒரு டாக்டர் என்னதான் செய்ய முடியும்? அறிவு வேண்டாமா?"

பேச்சித்தாய் நடுங்கவில்லை. ஆரம்பத்தில் இருந்த பயத்தை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டாள். அவளுக்கும் கோபம் வந்திருந்தது.

"எப்படிய்யா சொல்லுவேன்? எங்களுக்கு முன்னால வரிசையில ஒரு பெரியவரு இருந்தாரு. தோள்பட்டையில வீக்கம். உருவிட்டு வந்தேன்னு உள்ளத சொன்னாரு. அவர என்ன பேச்சுப் பேசுனீய! ஊசி போட மாட்டேன், அங்கயே போயி சாவு, எந்திரி வெளியன்னு சொன்னீயளா இல்லியா? அம்புட்டு சனத்துக்கு முன்னால அவரு சட்டையக்கூட மாட்டாம எந்திரிச்சுப் போனாரு. அடுத்து எங்கள உள்ள கூப்புட்டீய."

தேவநேசன் கட்டில் விளிம்பிலிருந்து எழுந்துவிட்டார்.

"எம் புள்ளையையும் தொட மாட்டேன்னு நீங்க வெரட்டிட்டா, நான் இவனத் தூக்கிட்டு எங்கய்யா போவேன்?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தேவநேசன் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பெரியவரை அவருக்கு நினைவிருந்தது. முகம் நினைவில்லை. திறந்த முதுகும், கையில் சுருட்டிப் பிடித்த சட்டையும்தான் நினைவிருந்தன. அன்றைக்கு அவரைத் திட்டி முடித்ததும் ஒரு நல்ல காரியம் செய்த திருப்திகூட வந்தது. அது இப்போது நினைவுக்கு வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏறும்போது படிக்கட்டில் சத்தமே வரவில்லை.

ரஹ்மத் நிஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். பெரியவரை விரட்டியதையும் விடவில்லை. ரஹ்மத் நிஷா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, தேதிகளைத்தான் கேட்டார். என்றைக்கு இடித்தது, என்றைக்கு வரை உருவினார்கள், என்றைக்கு வீங்கியது.

"அடிபட்ட சதையில ரத்தம் கட்டி, அது மேலயும் மேலயும் நசுங்குனா, உடம்பு பயந்து போயி அங்க எலும்பு போட ஆரம்பிக்கும். நடுவுல பாத்தா கேன்சர் மாதிரியே இருக்கும். ஆனா அது ஓரத்துலேர்ந்து ஒழுங்காகிட்டே வரும். இன்னும் ரெண்டு வாரம் போகட்டும். ஓரத்துல ஓடு கட்டினா இது காயம். ஓரம் கண்டபடி பரவி நடுவுல கெட்டியானா கேன்சர்."

"இது கேன்சராவே இருந்து, நாம ரெண்டு வாரம் விட்டுட்டா?"

"அந்தப் பயம் எனக்கும் இருக்கு. அடிபட்டவனுக்குக் கேன்சர் வரக் கூடாதுன்னு சட்டம் இல்லையே."

இதைக் கேட்டுச் சபாபதி ஆடிய ஆட்டத்தை எழுதினால் பக்கம் போதாது. நாட்டு வைத்தியன் உருவின கதையை நம்பி என் பேஷன்டை விட மாட்டேன் என்றார். டீனிடம் போவேன் என்றார். ரஹ்மத் நிஷா ஒரே வார்த்தையில் நின்றார். பேத்தாலஜி கையெழுத்து இல்லாமல் கீமோவும் கிடையாது, கத்தியும் கிடையாது. அன்று அவருடைய குரலும் உயர்ந்தது. "கால் என்னோடது இல்ல சார், உங்களோடதும் இல்ல," என்று அவர் சொன்னது மூன்று அறை தள்ளிக் கேட்டது.

அந்த இரண்டு வாரமும் தேவநேசன் படாத பாடு பட்டார். தினமும் வார்டுக்குப் போனார். டேப்பை எடுத்துத் தொடையைச் சுற்றி அளந்தார். ஒரு நாள் கொஞ்சம் கூடியதுபோல் இருந்தது, அன்று சாப்பிடவில்லை. பையன் இருமினால் உடனே ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துப் பார்த்தார். கோபம் மட்டும் போய்விட்டதா என்றால், எங்கே போகும்? லேப்பில் எரிந்து விழுந்தார். வீட்டில் எரிந்து விழுந்தார். ஊசி ரூமில் மட்டும், யாராவது உருவிட்டு வந்தோம் என்று சொன்னால், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "சரி, எப்பலேர்ந்து?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து இரண்டு பேர் பயந்ததும் உண்மை. ஆனால் பதில் சொன்னார்கள்.

மூன்றாவது வாரம் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். பிலிம் வந்ததும் ரஹ்மத் நிஷா அதை விளக்குப் பெட்டியில் மாட்டினார். சபாபதியும் வந்திருந்தார். தேவநேசன் பின்னால் நின்றார், கிட்டே போகக் கால் வரவில்லை.

தொடைச் சதைக்குள் ஒரு வெள்ளை வளையம். முட்டை ஓட்டைப் போல மெலிதாக, முழுசாக. நடுவில்தான் இன்னும் இருட்டு. தொடை எலும்புக்கும் அதற்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி, எலும்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல.

"ஓரம்," என்றார் ரஹ்மத் நிஷா. அவ்வளவுதான் சொன்னார். ஆனால் மேசை விளிம்பைப் பிடித்திருந்த கையை அப்போதுதான் எடுத்தார்.

சபாபதி தொண்டையைச் செருமினார். "எனக்கு அப்பவே ஒரு சின்ன சந்தேகம் இருந்துது," என்றார். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

ரஹ்மத் நிஷா ரிப்போர்ட் எழுதினார். அடிபட்டதால் வந்த எலும்புப் படிவு, புற்று இல்லை என்று. கையெழுத்துப் போட்டுத் தேவநேசனிடம் நீட்டினார்.

"நீங்களே போய்ச் சொல்லுங்க."

தேவநேசன் போனார். பேச்சித்தாய்க்கு முதலில் புரியவில்லை. இரண்டாம் தடவை சொன்னதும் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். இசக்கிதுரை தன் தொடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுக்கு என்ன மருந்துய்யா?"

"மருந்து எதுவும் கிடையாதும்மா. அழுத்தாம, உருவாம விட்டுருங்க. தானா அடங்கும். கொஞ்சம் கெட்டியா மிஞ்சினா, ஆறு மாசம் கழிச்சு எடுத்துக்கலாம்."

"அம்புட்டுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் கும்பிட்டாள். தேவநேசனுக்கு அந்தக் கும்பிடைத் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூட நின்று வாங்கியிருப்பார். விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார்.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகும் ரஹ்மத் நிஷா மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்தார். தேவநேசன் உள்ளே வந்து எதிரே நின்றார். அவர் கண்கள் சிவந்திருந்தன. அதே கோபம்தான், இந்தத் தடவை திட்டுவதற்குத் தன்னைத் தவிர ஆளில்லை.

"மேடம், அந்தப் பெரியவரத் தேடிப் பாத்தேன். எந்த ஊருன்னுகூடத் தெரியல. அவருக்குக் கேன்சரா இருந்தா, அவரக் கொன்னது நான்தான்."

ரஹ்மத் நிஷா நிமிர்ந்தார்.

"எஸ்தரக் கொன்னவன் மேல இருந்த ஆத்திரத்த, வாற போறவங்க மேலயெல்லாம் கொட்டியிருக்கேன். இத்தன வருஷமா. சுகாதார நிலையத்துல எத்தன பேரு என்கிட்ட மறைச்சாங்களோ, மறைச்சு எத்தன பேரு செத்தாங்களோ. யோசிச்சு யோசிச்சுத் தலை வெடிக்குது. தூங்க முடியல. அந்தப் பையன் காலுக்கு ஹை கிரேடுன்னு கோடு போட்டது இந்தக் கைதான்."

அவர் கையை மேசையில் வைத்தார்.

"பேரப் போட்டு மத்தவங்களுக்கெல்லாம் ரிப்போர்ட் எழுதறீங்கள்ல மேடம்? எனக்கும் எழுதுங்க. நான் செஞ்சதுக்கு என்ன கிரேடு?"

ரஹ்மத் நிஷா மைக்ரோஸ்கோப்பின் விளக்கை அணைத்தார். நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்க டாக்டர். கிரேடு எல்லாம் கேன்சருக்குத்தான். இது அடிபட்ட இடம். இத நீங்க உருவாம விடுங்க."